உடம்புச் சூடு என்று ஒதுக்கிவிடாதீர்கள்

"சிறுநீர் சிவப்பாகப் போகிறதா? உடம்புச் சூடு. பார்லி தண்ணீர் காய்ச்சிக் குடி, சரியாகிவிடும்." எங்கள் ரிங்லெட் பக்கத்தில் இந்த வைத்தியத்தைக் கேட்காமல் வளர்ந்தவர்கள் குறைவு. நானும் கேட்டு வளர்ந்தவள்தான்.

என் படிவம் 4 வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். ஒரு நாள் வகுப்பு முடிந்ததும் எல்லாரும் போகும்வரை காத்திருந்து, "டீச்சர், டிராகன் பழம் சாப்பிட்டால் சிறுநீர் சிவப்பாகுமா?" என்று கேட்டான். ஆகும் என்றேன். சிவப்புச் சதையுள்ள டிராகன் பழத்திலும் பீட்ரூட்டிலும் உள்ள நிறமி சிலருக்குச் சிறுநீரில் அப்படியே வெளியேறும். "எத்தனை நாளாக?" என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு "ரெண்டு வாரமா" என்றான். பழம் சாப்பிட்டதோ ஒரே ஒரு நாள். பாட்டியிடம் சொன்னானாம், பார்லி தண்ணீர் கிடைத்தது. அம்மாவிடம் சொல்ல வெட்கம். அப்பாவிடம் சொல்லப் பயம்.

மறுநாளே அவனைக் கிளினிக்கிற்கு அழைத்துப் போனார்கள். சிறுநீர்ச் சோதனையில் இரத்தம் இருப்பது உறுதியானது. பிறகு மருத்துவமனையில் அல்ட்ராசவுண்ட் எடுத்தார்கள். சிறுநீரகத்தில் கல். சிகிச்சை நடந்தது, இப்போது நலமாக இருக்கிறான். அவன் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். ஆனால் திரும்பி வந்த அன்று அவன் கேட்ட கேள்வி என்னை விடவில்லை: "டீச்சர், அது கல்லாக இல்லாமல் கட்டியாக இருந்திருந்தால், அந்த ரெண்டு வாரம்?"

அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் பயத்தைக் குறைத்துவிடுகிறேன். இளம் வயதினரின் சிறுநீரில் இரத்தம் தெரிந்தால் பெரும்பாலும் காரணம் கிருமித் தொற்றாகவோ கல்லாகவோ இருக்கும். சிலருக்குத் தொண்டைப் புண் வந்து ஓரிரு வாரங்களில் சிறுநீரக வடிகட்டிகள் வீங்குவதால் அப்படி ஆகும். கடுமையான ஓட்டப் பயிற்சிக்குப் பிறகும் வரலாம். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் மாத்திரை சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கும். அது இரத்தமே அல்ல. பெண் பிள்ளைகளுக்கு மாதவிடாய் நாளில் குழப்பம் வருவதும் இயல்பு. கட்டி என்பது இந்தப் பட்டியலின் கடைசியில் இருப்பது. ஆனாலும் பட்டியலில் இருப்பது. அரிது என்பதற்கு இல்லை என்று பொருள் அல்ல.

எந்த வயதில் எந்தக் கட்டி?

குழந்தைகளின் சிறுநீரகத்தில் வரும் புற்றுநோய்களில் மிகப் பெரும்பாலானவை வில்ம்ஸ் கட்டி வகை. 1899இல் இதைப் பற்றி விரிவாக எழுதிய ஜெர்மானிய அறுவைசிகிச்சை மருத்துவர் மாக்ஸ் வில்ம்ஸின் பெயர்தான் அது. ஏறக்குறைய 10,000 குழந்தைகளில் ஒருவருக்கு வருகிறது. பெரும்பாலும் மூன்று, நான்கு வயதில். கருவில் சிறுநீரகம் உருவாகும்போது வளர்ந்து முதிர வேண்டிய சில உயிரணுக்கள் முதிராமலே தங்கிவிடுவதுதான் இதன் தொடக்கம்.

வலி பல நேரம் இருக்காது. குளிப்பாட்டும்போதோ சட்டை மாட்டும்போதோ வயிறு ஒரு பக்கம் கெட்டியாக இருப்பதைப் பெற்றோர்தான் முதலில் கவனிக்கிறார்கள். உங்கள் தம்பி தங்கைக்கு அப்படி இருந்தால் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: அழுத்திப் பார்க்காதீர்கள், எண்ணெய் தடவி உருவிவிட யாரையும் விடாதீர்கள். கட்டி வயிற்றுக்குள் வெடித்துச் சிதறினால் நோயின் நிலை உயர்ந்துவிடும், சிகிச்சையும் கடுமையாகும். மருத்துவமனையில்கூட இத்தகைய குழந்தையின் வயிற்றை அடிக்கடி அழுத்திப் பார்க்கக் கூடாது என்பது விதி.

உங்கள் வயதுக்கு வரும்போது கதை மாறுகிறது. 15 முதல் 19 வயதில் வில்ம்ஸ் கட்டி மிகக் குறைவு. சிறுநீரக உயிரணுப் புற்றுநோய் என்ற வேறு வகை முன்னுக்கு வருகிறது. பெரியவர்களுக்கு வருவதும் இதே பெயருள்ள நோய்தான். ஆனால் இளையோரிடம் அதன் வேர் பல நேரம் வேறு. எக்ஸ் குரோமோசோமில் உள்ள டி.எஃப்.இ.3 என்ற மரபணு தன் இடத்திலிருந்து அறுந்து, வேறொரு மரபணுவோடு ஒட்டிக்கொள்வதால் உண்டாகும் வகை அது. படிவம் 4இல் மரபியல் பாடத்தில் குரோமோசோம் மாற்றம் என்று படிக்கிறீர்களே, அது தேர்வுக்கு மட்டுமான வரி அல்ல.

படம் எப்படி வருகிறது?

சிறுநீரகம் முதுகுப்பக்கம், விலா எலும்புகளின் ஓரத்தில் ஒளிந்திருக்கிறது. பெரியவருக்கு 10 முதல் 12 சென்டிமீட்டர் நீளம். தொட்டுப் பார்த்து அறிவது கடினம். அதனால் படம் வேண்டும்.

முதல் படம் அல்ட்ராசவுண்ட். படிவம் 2இல் படித்த ஒலி அலைப் பாடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நம் காதுக்குக் கேட்காத, நொடிக்குப் பல மில்லியன் அதிர்வுள்ள ஒலியை உடலுக்குள் அனுப்புகிறார்கள். உடலின் மென்திசுவில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 1,540 மீட்டர் வேகத்தில் செல்கிறது. 7.7 சென்டிமீட்டர் ஆழத்தில் உள்ள ஒரு பரப்பில் பட்டுத் திரும்ப, போக வர 15.4 சென்டிமீட்டர், கணக்குப் போட்டால் நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அந்த எதிரொலி வந்த நேரத்தை வைத்து ஆழத்தையும், அதன் வலிமையை வைத்து வெளிச்சத்தையும் கணினி வரைகிறது. உள்ளே இருப்பது நீர் நிறைந்த பையா, கெட்டியான கட்டியா, கல்லா என்பது பெரும்பாலும் இதிலேயே தெரிந்துவிடும். ஊசி இல்லை, கதிர்வீச்சு இல்லை. குழந்தை அம்மாவின் மடியிலேயே இருக்கலாம்.

அடுத்தது சி.டி. ஸ்கேன். எக்ஸ்-கதிரைப் பல கோணங்களிலிருந்து செலுத்தி, உடலை ரொட்டித் துண்டு துண்டாக வெட்டிப் பார்ப்பதுபோல் படம் எடுப்பது. 1971 அக்டோபர் 1 அன்று லண்டனில் ஒரு நோயாளியின் மூளையை இப்படி முதன்முதலாகப் படம் பிடித்தார்கள். கருவியை உருவாக்கிய காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டும், கணித அடிப்படை தந்த ஆலன் கார்மாக்கும் 1979இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

நம் பாடநூலில் இடம்பெறாத இன்னொரு பெயரும் இருக்கிறது. பல கோணங்களில் எடுத்த நிழல்களிலிருந்து உள்ளே இருக்கும் உருவத்தைத் திரும்பக் கட்டுவது எப்படி? அதற்கு வேகமான, எளிதான ஒரு கணித வழியை 1971இல் வெளியிட்டவர்கள் கோ. நா. இராமச்சந்திரனும் ஏ. வி. லட்சுமிநாராயணனும். இராமச்சந்திரன் சென்னைப் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பணியாற்றியவர். உடலைத் தாங்கும் கொலாஜன் புரதத்தின் அமைப்பைச் சொன்னவரும் அவர்தான். அவர்கள் தந்த வடிகட்டி இன்றும் 'ராம்-லாக்' என்ற பெயரில் பட மறுகட்டமைப்புப் பாடத்தில் இருக்கிறது. கணக்கு எதற்கு உதவும் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான்.

மூன்றாவது எம்.ஆர்.ஐ. உடலில் உள்ள நீரின் ஹைட்ரஜன் அணுக்கருக்களை வலிமையான காந்தத்தால் வரிசைப்படுத்தி, வானொலி அலையால் தட்டி, அவை திருப்பித் தரும் சைகையைப் படமாக்குவது. மருத்துவமனைகளில் பரவலாக உள்ள 1.5 டெஸ்லா காந்தம் பூமியின் காந்தப்புலத்தைப்போல் ஏறக்குறைய 30,000 மடங்கு வலிமையானது. கதிர்வீச்சு இல்லை, ஆனால் நீண்ட நேரம் அசையாமல் படுத்திருக்க வேண்டும். சிறு குழந்தைக்கு அதற்காகவே மயக்க மருந்து தேவைப்படும்.

படம் பெயர் சொல்லாது

இங்கேதான் என் கருத்தைச் சொல்ல விரும்புகிறேன். ஸ்கேன் எடுத்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்று நம் மக்கள் நம்புகிறார்கள். தெரியாது. கட்டி இருக்கிறது, எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரிது, இரத்தக் குழாய்க்குள் நுழைந்திருக்கிறதா, நுரையீரலுக்குப் பரவியிருக்கிறதா என்பதையெல்லாம் படம் சொல்லும். அது என்ன கட்டி என்ற பெயரைப் பல நேரம் படம் மட்டும் சொல்லாது. நோயாளியின் வயது, குடும்ப வரலாறு, இரத்தச் சோதனை, இரத்த அழுத்தம், கடைசியில் நுண்ணோக்கியில் பார்க்கும் திசு, இவையெல்லாம் சேர்ந்தால்தான் பெயர் கிடைக்கும். இரண்டு அரிய கட்டிகள் இதை நன்றாக விளக்கும்.

முதல் கதை தேயிலை மலைகளில் தொடங்குகிறது. 1952இல் ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள் நீலகிரி மலைவாழ் மக்களின் இரத்தத்தில் அரிவாள் உயிரணுக் கூறு இருப்பதை வெளியிட்டார்கள். அதே ஆண்டில் அசாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளரிடமும் அது இருப்பது பதிவானது. ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கு மட்டுமே உரியது என்று பலரும் எண்ணியிருந்த ஒன்று, இந்தியத் தேயிலை மலைகளிலும் இருந்தது. மலேசிய இந்தியர் சிலரிடமும் பிற்காலத்தில் கண்டறியப்பட்டிருக்கிறது. பெற்றோர் ஒருவரிடமிருந்து மட்டும் இந்த மரபணு வந்தால் அது நோய் அல்ல, கூறு மட்டுமே. அவர் எல்லாரையும்போல் வாழ்வார்.

ஆனால் சிறுநீரகத்தின் உட்பகுதி ஆக்சிஜன் குறைந்த, உப்பு மிகுந்த இடம். அங்கே இந்தக் கூறு உள்ள சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளையக்கூடும். அதனால் சிலருக்கு அவ்வப்போது சிறுநீரில் இரத்தம் வரும். மிக மிக அரிதாக, அதே இடத்தில் சிறுநீரக உட்பகுதிப் புற்றுநோய் ஒன்று இளம் வயதிலேயே தோன்றுகிறது. 1995இல் அமெரிக்க நோயியல் மருத்துவர்கள் முப்பதுக்கும் மேற்பட்ட நோயாளிகளை ஒன்றாக வைத்துப் பார்த்து இதைத் தனி நோயாக அடையாளம் காட்டினார்கள். ஏறக்குறைய எல்லாருக்கும் அரிவாள் கூறு இருந்தது. வலது சிறுநீரகத்தில்தான் அதிகம் வருகிறது. சி.டி. படத்தில் சிறுநீரகத்தின் வெளிவடிவம் கெடாமலே உள்ளுக்குள் பரவியிருக்கும். படத்தை மட்டும் பார்த்தால் வேறு சில கட்டிகளிலிருந்து இதைப் பிரித்தறிவது கடினம். இந்த இளைஞருக்கு அரிவாள் கூறு உண்டா என்று யாராவது கேட்டால்தான் சந்தேகம் சரியான திசையில் போகும். பிறகு, எஸ்.எம்.ஏ.ஆர்.சி.பி.1 என்ற மரபணு தரும் புரதம் திசுவில் காணாமல் போயிருக்கிறதா என்று பார்த்து உறுதி செய்வார்கள். பெரும்பாலும் பரவிய பிறகே கண்டுபிடிக்கப்படுவதால் இது கொடிய நோயாக இருக்கிறது. கூறு உள்ள பல்லாயிரம் பேரில் ஒருவருக்குத்தான் வரும் என்பதையும் சேர்த்தே நினைவில் வையுங்கள்.

இரண்டாவது கதை நேர் எதிரானது. சிறுநீரில் இரத்தமும் இல்லை, வயிற்றில் வீக்கமும் இல்லை. இளம் வயதில் இரத்த அழுத்தம் மட்டும் எக்கச்சக்கமாக ஏறியிருக்கும், தலைவலி இருக்கும். சிறுநீரகத்தில் ரெனின் என்ற பொருளைச் சுரக்கும் உயிரணுக்களிலிருந்து வரும் சிறு கட்டி இது. 1967இல் ராபர்ட்சன் குழுவினர் முதன்முதலாக இதைப் பதிவு செய்தார்கள். பெரும்பாலும் சில சென்டிமீட்டர் அளவே இருப்பதால் அல்ட்ராசவுண்டில் தப்பிவிடக்கூடும். இதைக் காட்டிக்கொடுக்கும் முதல் கருவி ஸ்கேன் அல்ல. கையில் சுற்றும் இரத்த அழுத்தமானி. கட்டியை எடுத்துவிட்டால் பெரும்பாலோருக்கு அழுத்தம் இயல்புக்குத் திரும்புகிறது.

பெரிய மருத்துவர்களிடையேகூட படத்தை எவ்வளவு நம்பலாம் என்பதில் இரண்டு வழிகள் உண்டு. வில்ம்ஸ் கட்டி என்று தோன்றினால், வட அமெரிக்க மருத்துவர்கள் பொதுவாக முதலில் அறுவைசிகிச்சை செய்து, திசுவைப் பார்த்துப் பெயரை உறுதி செய்துகொண்டு மருந்து தருகிறார்கள். ஐரோப்பிய வழியிலோ, வயதும் படமும் பொருந்தினால் முதலில் மருந்து கொடுத்துக் கட்டியைச் சுருக்கிவிட்டுப் பிறகு அறுவைசிகிச்சை. சுருங்கிய கட்டி வெடிக்கும் வாய்ப்புக் குறைவு என்பது இரண்டாவது வழியின் பலம். படம் ஏமாற்றினால், தேவையில்லாத மருந்து ஒரு சிறு விழுக்காட்டினருக்குப் போய்விடும் என்பது அதன் பலவீனம். இரண்டு வழியிலும் வசதியுள்ள நாடுகளில் 10 குழந்தைகளில் 9 பேர் பிழைக்கிறார்கள். அறிவியலில் நேர்மையான கருத்து வேறுபாடு எப்படி இருக்கும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

இரண்டு மறுப்புகள்

இதைப் பற்றிப் பேசும்போது சக ஆசிரியர்கள் இரண்டு கேள்வி கேட்பார்கள். ஒன்று, "அரிய நோயைச் சொல்லிப் பிள்ளைகளை ஏன் பயமுறுத்த வேண்டும்?" என்பது. பயமுறுத்துவது அறிவு அல்ல, அறியாமைதான். கல்லையும் தொற்றையும் கட்டியையும் பிரித்தறிவது மாணவரின் வேலை இல்லை. நான்கு அடையாளங்களைச் சொல்லித் தருகிறேன், அவ்வளவுதான்: சிறுநீரில் இரத்தம், வயிற்றில் கெட்டியான வீக்கம், காரணமில்லாமல் ஏறிய இரத்த அழுத்தம், விலகாத இடுப்புப் பக்க வலி. இவற்றில் எது வந்தாலும் மருத்துவரிடம் போ. இதில் பயப்பட என்ன இருக்கிறது?

இரண்டாவது கேள்வி இதற்கு நேர்மாறு: "அப்படியானால் எல்லாப் பிள்ளைக்கும் ஒரு சி.டி. எடுத்துவிட்டால் என்ன?" கூடாது. சி.டி.யில் எக்ஸ்-கதிர் உண்டு. வளரும் உடல் கதிர்வீச்சுக்கு எளிதில் பாதிக்கப்படும். அதன் விளைவு வெளிப்பட முன்னே நீண்ட வாழ்நாளும் இருக்கிறது. நோயில்லாத ஆயிரம் பேரைப் படமெடுத்தால், ஒன்றுமில்லாத நிழல்களும் புள்ளிகளும் பலருக்குத் தெரியும். அவர்கள் காரணமில்லாமல் அலைய வேண்டிவரும். அடையாளம் இருப்பவருக்கு முதலில் சிறுநீர்ச் சோதனை, பிறகு அல்ட்ராசவுண்ட், தேவைப்பட்டால் மட்டும் சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. இந்த வரிசைதான் அறிவுள்ள வரிசை.

நான் கேட்பது

மாணவர்களிடம்: அடையாளம் கண்ட அன்றே ஒரு பெரியவரிடம் சொல்லுங்கள். அம்மாவிடம் சொல்ல வெட்கமென்றால் ஆசிரியரிடம், பள்ளி ஆலோசகரிடம் சொல்லுங்கள். சிறுநீரும் அறிவியல்தான், அதில் வெட்கம் இல்லை. படிவம் 4 மாணவர்களுக்கு 2016 முதல் தலசீமியா சோதனை நடக்கிறது. அதன் முடிவை வாங்கிப் பத்திரமாக வையுங்கள். ஆனால் அந்தச் சோதனை சிவப்பணுவின் அளவைப் பார்த்துத் தொடங்குவது. அரிவாள் கூறு உள்ளவரின் சிவப்பணு பெரும்பாலும் இயல்பான அளவிலேயே இருக்கும். குடும்பத்தில் யாருக்காவது அந்தக் கூறு உண்டென்றால் மருத்துவரிடம் தனியாகச் சொல்ல வேண்டும்.

பெற்றோரிடம்: பார்லி தண்ணீர் குடிக்கக் கொடுங்கள், தடையில்லை. ஆனால் அதையே வைத்தியமாக்கி நாளைக் கடத்தாதீர்கள். தோட்டத்தில் ஒரு நாள் விடுப்பு எடுத்தால் சம்பளம் போகும் என்பது எனக்குத் தெரியும். வளைந்து வளைந்து தாப்பாவுக்கு இறங்கும் சாலையும், அங்கிருந்து ஈப்போவுக்குப் போகும் தூரமும் தெரியும். அதனால்தான் சொல்கிறேன்: முதல் சோதனைக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. சிறுநீரில் இரத்தம் இருக்கிறதா என்று பார்க்க ஒரு சிறு சோதனைத் தாளும், இரத்த அழுத்தம் பார்க்க ஒரு நிமிடமும் போதும். அருகிலுள்ள கிளினிக்கிலேயே முடியும். எடுத்த படங்களையும் அறிக்கைகளையும் ஒரே கோப்பில் வையுங்கள். வேலை மாறி வீடு மாறும்போது முதலில் அந்தக் கோப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய படத்தோடு புதிய படத்தை ஒப்பிட முடிந்தால் மருத்துவரின் வேலை பாதி எளிது.

பொறுப்பில் இருப்பவர்களிடம்: மலைப்பகுதிக் கிளினிக்குகளில் அல்ட்ராசவுண்ட் கருவி இருந்தால் மட்டும் போதாது, வயிற்றுப்பகுதியைப் பார்த்துச் சொல்லப் பயிற்சி பெற்ற கண்ணும் வேண்டும். பயிற்சியில்லாத கையில் அந்தக் கருவி வெறும் சாம்பல் நிறத் திரைதான். கதிரியக்கவியல் மருத்துவரும் நோயியல் மருத்துவரும் நகரத்தில் இருக்கலாம்; படமும் தகவலும் அவர்களிடம் விரைவாகப் போய்த் திரும்ப வழி வேண்டும்.

ஆசிரியர்களாகிய நம்மிடம்: ஒலி அலையை ஒரு வகுப்பிலும், மரபணுவை ஒரு வகுப்பிலும், சிறுநீரகத்தை வேறொரு வகுப்பிலும் நடத்திவிட்டுப் போகிறோம். ஒரே ஒரு நாள் மூன்றையும் சேர்த்து நடத்திப் பாருங்கள். கடைசி வரிசைப் பையனும் நிமிர்ந்து உட்காருவான்.

என் மாணவன் கேட்ட கேள்விக்கு வருகிறேன். கட்டியாக இருந்திருந்தால் அந்த இரண்டு வாரம் என்ன செய்திருக்கும்? எந்தக் கட்டி என்பதைப் பொறுத்தது. சிலவற்றில் பெரிய வேறுபாடு இருந்திருக்காது; வேகமாக வளரும் சிலவற்றில் நிறையவே இருந்திருக்கும். எது எது என்று உனக்குத் தெரிய வழியில்லை, எனக்கும் வழியில்லை. அதனால்தான் காத்திருக்கக் கூடாது என்று அவனிடம் சொன்னேன். அவன் இப்போது படிவம் 5. சென்ற மாதம் படிவம் 1 பையன் ஒருவனைக் கையைப் பிடித்து என் மேசைக்கு அழைத்து வந்தான். "டீச்சர், இவனுக்கும் அதே மாதிரி. வீட்டில் சொல்லப் பயப்படுகிறான். நீங்க பேசுங்க" என்றான்.

பேசினேன்.